சாரங்கு எழுந்து நின்ற நான்கு நிமிடம்

காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு இக்னேஷியஸ் சாரங்கு ஒன்பது மணிக்கே தயாராகிவிட்டார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை யூனிஃபாரம், தோளில் நீலப் பட்டை, காலில் பாலிஷ் போட்ட பூட்ஸ். கூட்டம் என்னவோ லேப்டாப்பில்தான். கம்பெனிக்காரர்கள் கிண்டியில் அவர்கள் ஆபீசில் இருப்பார்கள். கப்பல்காரன் எங்கோ நடுக்கடலில் இருப்பான். இவர்கள் ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில், கயிற்றுக்கடை மாடியில் இருக்கும் தங்கள் சொந்த ஆபீசில் உட்கார்ந்தபடியே பேசிவிடலாம்.

"பூட்ஸு எதுக்கு நைனா? காலு அவங்களுக்குத் தெரியாது" என்றான் மகன் டெரிக்.

"எனக்குத் தெரியும்ல" என்றார் இக்னேஷியஸ்.

அந்தக் குடும்பம் அப்படி. இக்னேஷியஸின் தகப்பனார் லூயிஸ், துறைமுகத்தில் கூலியாகச் சேர்ந்து சாரங்காக உயர்ந்தவர். சாரங்கு என்றால், வரும் கப்பலைக் கயிறு போட்டுக் கரையோடு நிறுத்தும் ஆட்களுக்குத் தலைவன். கப்பலிலிருந்து முதலில் மெல்லிய கயிறு ஒன்றை வீசுவார்கள். கரையில் நிற்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தொடைப் பருமனில் பெரிய கயிறு வரும். அதன் முனையில் இருக்கும் கண்ணியைக் கரையில் நட்டிருக்கும் இரும்புக் குற்றியில் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டு ஆட்கள் விலகியதும் சாரங்கு கையைத் தூக்குவார். அதற்குப் பிறகுதான் கப்பலில் வின்ச்சை ஓட்டிக் கயிற்றை இறுக்கலாம். அதற்கு முன்னால் இறுக்கினால், குற்றியோரம் நிற்பவனுக்குக் கை போகும், கால் போகும். சில நேரம் ஆளே போவான்.

அதனால் லூயிஸ் ஒரு சட்டம் வைத்தார். கயிறு கையில் இருக்கும்வரை ஒரே வாய்தான் பேசும். அது சாரங்கின் வாய். அவர் 'ஆச்சு' என்று சொல்லும்வரை மற்றவன் இருமக்கூடாது, விரலை அசைக்கக்கூடாது. இரண்டு பேர் கத்தி மூன்றாமவன் செத்ததைக் கண்ணால் பார்த்த மனிதர் வைத்த சட்டம் அது. துறைமுகத்தில் வைத்தது மெல்ல வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. லூயிஸ் பேசினால் சோற்றுத் தட்டில் கை நிற்கும். அவருக்குப் பிறகு இக்னேஷியஸ் பேசும்போது நின்றது. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அப்பனும் பிள்ளையுமாக ஐம்பத்தோரு வருஷம், அவர்கள் கையில் ஒரு கயிறு தவறியதில்லை, ஓர் ஆள் அடிபட்டதில்லை. அந்தக் கடலோரத்தில் வேறு எவர் அப்படி மார்தட்ட முடியும்?

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பேருக்குத்தான் ஆபத்து வந்தது.

எண்ணூரில் நீலக்கரை டெர்மினல் என்ற தனியார் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்து அணைந்துகொண்டிருந்தது. கொட்டும் மழை. பின்பக்கக் கயிற்றின் கண்ணி குற்றியில் பாதி இறங்கும்போதே கப்பலில் வின்ச் ஓட ஆரம்பித்துவிட்டது. இக்னேஷியஸ் போட்ட ஒற்றைச் சத்தத்தில் கயிறு பிடித்திருந்த ஆறு பேரும் பின்னால் தாவினார்கள். கயிறு அறுந்து விசிறி, கரையில் நின்ற விளக்குக் கம்பத்தை முறித்துப் போட்டது. கொருக்குப்பேட்டை துரை ஒரு மூச்சு முன்னால் நின்றிருந்த இடத்தில்தான் கம்பம் விழுந்தது. யாருக்கும் கீறல் இல்லை. மறுநாள் துரை மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தான்.

ஆனால் கப்பல் அதிகாரி எழுதிக் கொடுத்தது வேறு. கரை ஆட்கள் தவறான குற்றியில் கயிற்றை மாட்டினார்கள், கயிறு அறுந்ததற்கு அதுவே காரணம் என்று எழுதிவிட்டுக் கப்பலோடு போய்விட்டான். நீலக்கரையிலிருந்து கடிதம் வந்தது. 'எங்கள் ஆட்களின் கவனக்குறைவால் நேர்ந்தது' என்ற வாசகத்தின் கீழே சாரங்கு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் காண்ட்ராக்ட் இன்னும் மூன்று வருஷம் ஓடும். போடாவிட்டால் மாதக் கடைசியோடு சரி.

இக்னேஷியஸிடம் இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். அவர்களுக்கு இருந்த பெரிய வேலை அந்த ஒன்றுதான்.

"ஒரு கையெழுத்துதானே நைனா. உலகத்துல யாரும் படிக்கப் போறதில்ல" என்று டெரிக் இரண்டு நாள் முன்பு சொல்லிப் பார்த்தான்.

"உங்க தாத்தா பேரு போட்ட பேப்பர்ல நம்ம தப்புன்னு எழுதச் சொல்றியா? நான் செத்த அப்புறம் எழுதிக்க."

மனைவி ஹில்டா அந்த வாதத்துக்குள் போகவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "கையெழுத்துப் போடு, போடாத. ஆனா அந்த நீலக்கரை மேனேஜர் அம்மாகிட்ட கோவமா மட்டும் பேசிடாத. உன் வாய் தொறந்தா மூட ஆள் கெடையாது."

பேசமாட்டேன் என்று இக்னேஷியஸ் வாக்குக் கொடுத்திருந்தார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அன்று கயிறு பிடித்த ஆறு பேரும் யூனிஃபாரத்தோடு வந்து பின்னால் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். துரை நடுவில். போன மாதம் கல்யாணமான பகலவன் ஓரத்தில். மேசையில் லேப்டாப், அதன் பக்கத்தில் டெரிக், எதிரே நாற்காலியில் இக்னேஷியஸ்.

"மாமு, மூஞ்சி கலீஜா தெரியுதுடா" என்று பகலவன் திரையில் தன்னைப் பார்த்துவிட்டு டெரிக்கிடம் குனிந்து சொன்னான்.

"கம்ப்யூட்டர் மேல பழி போடாத. உன் மாமியார் நேர்லயே அதத்தான் சொல்லிச்சி" என்றான் துரை. பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. இக்னேஷியஸ் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

திரையில் நீலக்கரையின் மேலாளர் ஜெயஸ்ரீ வந்தார். நாற்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி. இன்னொரு கட்டத்தில் கப்பல் அதிகாரி; வெள்ளைக்காரன், சிவந்த முகம், பின்னால் கப்பல் அறையின் வட்ட ஜன்னல். இன்னொரு கட்டத்தில் இவர்களே.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரே நேரத்துல பேசினா ஒண்ணும் கேக்காது. அதனால மைக்கை அணைச்சு வைங்க. அவங்கவங்க முறை வரும்போது போட்டுக்கலாம்" என்றார் ஜெயஸ்ரீ. டெரிக் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினான். தகப்பனின் காதோரம் வந்து ஏதோ சொன்னான். இக்னேஷியஸ் தலையாட்டினாரே தவிரக் காதில் வாங்கவில்லை. அவர் கண் அந்தச் சிவந்த முகத்திலேயே இருந்தது.

கப்பல் அதிகாரி தன் அறிக்கையை ஆங்கிலத்தில் படித்தான். துறைமுக ஆங்கிலத்தில் இக்னேஷியஸுக்குப் புரியாதது கிடையாது. தவறான குற்றி. பயிற்சி போதாத ஆட்கள். தலைவரின் கவனக்குறைவு. எண்ணெய் தடவியது போல வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. படித்து முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

"இக்னேஷியஸ் சார், இப்ப நீங்க சொல்லுங்க. அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடுறீங்களா?" என்று கேட்டார் ஜெயஸ்ரீ.

இக்னேஷியஸ் எழுந்து நின்றார். அதிகாரிக்கு உட்கார்ந்தபடி பதில் சொல்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. நின்று, சட்டையை ஒருமுறை கீழே இழுத்துவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். டெரிக்கின் கை மேசையில் பாதி வழி நகர்ந்து, அப்படியே நின்றுவிட்டது. பெஞ்சில் மூச்சுகூடக் கேட்கவில்லை. சாரங்கு வாயைத் திறந்தாயிற்று.

"வணக்கம்மா. நான் இக்னேஷியஸ். எங்கப்பா லூயிஸ் சாரங்கு. அன்னைக்கு நான் கையத் தூக்கல. நான் கையத் தூக்காம வின்ச்ச ஓட்டுனது யாரு? அத்த அந்தாள்கிட்ட கேளுங்க."

இதுவரை சரியாகத்தான் போனது. இங்கே நிறுத்தியிருந்தால் ஹில்டாவுக்குக் கொடுத்த வாக்கும் நின்றிருக்கும். ஆனால் கம்பம் விழுந்த சத்தம் காதுக்குள் வந்தது. துரையின் பேர் வந்தது. தகப்பனாரின் பேர் வந்தது. குரல் தானாக ஏறியது. மழையில் நனையாமல் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு கடுதாசி அனுப்புகிறவர்களைப் பற்றிச் சொன்னார். கயிற்றுக்கும் ரிப்பனுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களைப் பற்றிச் சொன்னார்.

"சார்? ஹலோ?" என்று நடுவில் ஜெயஸ்ரீயின் குரல் கேட்டது. இக்னேஷியஸ் உள்ளங்கையைத் திரைக்கு நேரே காட்டினார். இருங்கள், இன்னும் முடியவில்லை.

"இன்னா கையெழுத்து? எதுக்குக் கையெழுத்து? மாசக் கடைசி வரைக்கும்லாம் வேணாம்மா. இன்னையோட முடிஞ்சிது. உங்க கப்பலுக்கு நீங்களே கயிறு கட்டிக்கோங்க. லூயிஸ் சாரங்கு ஆளுங்கள்ல ஒருத்தன்கூட இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டான்."

சொல்லி முடித்த அந்த நொடியே என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. போகும்போது இருபத்திரண்டு பேர் வீட்டு அடுப்பையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போனது. துரையின் மகள் எழில்மொழிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகலவன் புதுக்குடித்தனத்துக்கு வீடு பிடித்து இன்னும் பாயை விரிக்கவில்லை. யாரைக் கேட்டுச் சொன்னார்? ஒருவரையும் கேட்கவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்த வழக்கமும் அந்தக் குடும்பத்தில் கிடையாது. 'ஆச்சு' என்று சொல்லி உட்கார வேண்டியதுதான் பாக்கி. அதை அவர் சொல்லவில்லை. அப்படியே விறைப்பாக நின்றார். பின்னால் ஆறு பேரும் கண்ணிமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடியது. தெருவில் கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

முதலில் வாயைத் திறந்தவன் கப்பல் அதிகாரி.

"ஏன் எல்லாரும் என்னை இப்படிப் பார்க்கிறார்கள்?" என்றான் ஆங்கிலத்தில். "நான் பார்த்ததைத்தான் எழுதினேன். கப்பலின் பின்பக்கத்தில் நானே நின்றேன். எப்படிப்பட்ட மழை தெரியுமா? அந்த மழையில் கரையில் ஒருவர் கையைத் தூக்கினாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? கப்பலைத் துறைக்குள் கொண்டுவரும் பைலட் வேறு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்."

ஜெயஸ்ரீ கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நிமிஷம். கை தெரியவில்லை என்றால் எதைப் பார்த்து வின்ச்சை ஓட்டச் சொன்னீர்கள்?"

"நேரம் ஆகிவிட்டது... கண்ணி விழுந்திருக்கும் என்று..."

"தூக்கிய கை தெரியாத மழையில், எந்தக் குற்றியில் கயிறு விழுந்தது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்ததா?"

சிவந்த முகம் இன்னும் சிவந்தது. அவன் ஏதோ சொல்ல வந்தான், வேறு எதையோ சொன்னான், கடைசியில் வின்ச் பிடித்தவன் புது ஆள் என்று ஒப்புக்கொண்டு நிறுத்தினான். அறிக்கையைத் திருத்தி இன்றைக்குள் அனுப்ப வேண்டும் என்று ஜெயஸ்ரீ சொன்னதும், சரி என்று தலையைக் குனிந்தபடி திரையிலிருந்து மறைந்தான்.

தான் கேட்ட கேள்விக்குத்தான் அவன் மாட்டிக்கொண்டான் என்று இக்னேஷியஸ் நினைத்தார். கேள்வி சரிதான். அதற்குப் பிறகு பேசியதை என்ன செய்வது? மானம் திரும்பி வந்துவிட்டது, சோறு போய்விட்டது. அந்தம்மா இப்போது தன் பக்கம் திரும்பி, சரி போய்வாருங்கள் என்று சொல்லப் போகிறாள்.

ஜெயஸ்ரீ திரும்பினார்.

"இக்னேஷியஸ் சார், உங்க முகம்கூட எனக்குத் தெரியல. சட்டை மட்டும்தான் தெரியுது. நீங்க மைக்கும் போடல. பேசுவீங்கன்னு நானும் கூப்பிட்டுப் பாத்தேன், கையைக் காட்டி நிறுத்திட்டீங்க. நாலு நிமிஷம் ஒரு வார்த்தை பேசாம நின்னீங்க சார். பின்னாடி ஒருத்தர்கூட அசையல. அதைப் பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தக் கடிதம் அனுப்பினதுக்கு மன்னிச்சுக்கோங்க. அது இனிமே வேண்டாம். காண்ட்ராக்ட் மூணு வருஷத்துக்குத் தொடரட்டும். உங்களுக்குச் சம்மதம்தானே?"

இக்னேஷியஸ் மெல்லத் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார். டெரிக் மேசையைப் பார்த்தான். திரையின் மூலையில் சின்னதாக ஒரு மைக் படம், அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. முதல்முறையாக அதன் அர்த்தம் அவருக்கு விளங்கியது.

கிண்டிக்கு ஒரு சொல்லும் போகவில்லை.

நெஞ்சிலிருந்து பாறை ஒன்று புரண்டு இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே பாதி வழியில் மாட்டிக்கொண்டது. கிண்டிக்குக் கேட்கவில்லை, சரி. இந்த அறைக்குக் கேட்டதே. தன் ஆட்கள் ஆறு பேர் முன்னால் இன்றோடு முடிந்தது என்று சொல்லிவிட்டு, அதே ஆறு பேர் முன்னால் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? லூயிஸின் மகன் ஒரே இடத்தில் நின்றுகொண்டு இரண்டு பேச்சுப் பேசினான் என்று ஆகாதா?

அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது. "துரை, நான் இப்ப ஒண்ணு சொன்னேன்ல?"

சாரங்கு இன்னும் 'ஆச்சு' சொல்லவில்லையே என்று துரை ஒரு கணம் யோசித்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தச் சட்டத்தை அவன் மீறியது அந்த ஒரு தடவைதான்.

"நீ எங்க அண்ணே பேசுன? சும்மாதானே நின்னுகினு இருந்த."

"டேய்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. லாரி சத்தம்." துரை பகலவன் பக்கம் திரும்பினான். "உனக்கு எதுனா கேட்டுச்சாடா?"

"அண்ணன் தொண்டையக் கனைச்ச மாரி இருந்துச்சி. வேற ஒண்ணும் இல்ல" என்றான் பகலவன், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு.

மற்ற நான்கு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவன் காதைக் குடைந்து காட்டினான்.

இக்னேஷியஸ் ஆறு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பொய் சொல்கிற முகங்கள்தான். ஆனால் மரியாதை கெட்ட முகம் அதில் ஒன்றுகூட இல்லை. தலைவன் பேரைத் தலைவன் மட்டுமே காப்பாற்ற வேண்டும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். ஆறு பேர் சேர்ந்து அதைத் தாங்கிப் பிடிப்பதை இன்றுதான் பார்த்தார்.

"சார்? கேக்குதா?" என்றார் ஜெயஸ்ரீ.

"போடுடா அத்த" என்றார் மகனிடம். டெரிக் பொத்தானைத் தட்டினான். சிவப்புக் கோடு போனது. இக்னேஷியஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் முகம் திரைக்குள் வந்தது. வியர்த்து வழிந்த, அறுபத்தேழு வயது முகம்.

"சம்மதம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரொம்ப நன்றி" என்றும் சொன்னார்.

"நாளைக்கு மறுநாள் காலைல ஒரு கப்பல் இருக்கு சார். உங்க ஆளுங்க வந்துடுவாங்கல்ல?"

"அதுக்கு முன்னாடியே நிப்போம்."

திரை அணைந்தது. "ஆச்சு" என்றார் இக்னேஷியஸ். அவ்வளவுதான், அடைத்து வைத்திருந்த மடை உடைந்தது. பெஞ்சே கவிழும்படி சிரிப்பு. பகலவன் டெரிக்கின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், சிரிப்பாலா வேறு எதனாலா என்று யாரும் கேட்கவில்லை. டீ சொல்ல ஆள் கீழே ஓடினான்.

இக்னேஷியஸ் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ அத்தப் பாத்தியா?"

"பாத்தேன் நைனா."

"எப்பலருந்து?"

"நீ எழுந்து நின்னதுலருந்து. போடத்தான் கைய எடுத்துகினு போனேன். அதுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சிட்ட. பேசும்போது அசையக்கூடாதுல்ல."

"அது சரி. நடுவுல நான் மூச்சு வாங்குனேனே. அப்பகூட அத்தப் போட்டிருக்கலாம்."

டெரிக் தகப்பனின் முகத்தைப் பார்த்து, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டான். "போட்டிருந்தா அவங்களுக்குக் கேட்டிருக்கும் நைனா."

வேறு நாளாக இருந்தால் அந்தப் பதிலுக்கு நாற்காலி பறந்திருக்கும். இக்னேஷியஸ் மகனின் தோளில் கையை வைத்தார். டீ வரும்வரை எடுக்கவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் பிறகு, கிளாஸை ஊதிக்கொண்டே. "ரிப்பன்னு ஒண்ணு சொன்னேன் பாரு. அது நல்லாத்தான் இருந்துச்சி."

"எனக்குத்தான் ஒண்ணும் கேக்கலயே" என்றான் துரை.

மதியம் ஒன்றரைக்கு வீட்டுக்குப் போனார். ஹில்டா கதவருகிலேயே நின்றிருந்தாள். ஜெபமாலை கையில். மூன்று வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது அவள் கண்ணில் தெரிந்தது. அவரும்தான் தூங்கவில்லை.

"இன்னா சொன்னாங்க?"

"மூணு வருஷம் குடுத்துட்டாங்க. கையெழுத்தும் வேணாம்னுட்டாங்க. அந்தம்மா மன்னிப்பு கேட்டுச்சி."

ஹில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "நீ இன்னா பேசுன?"

இக்னேஷியஸ் பூட்ஸைக் கழற்றியபடி நிமிராமல் சொன்னார்: "நான் ஒரு வார்த்தை பேசல. வேணும்னா அந்தம்மாவையே கேட்டுப் பாரு."

"நீ? ஒரு வார்த்தை பேசல?"

"ஆறு பேரு சாட்சி கீது."

அவள் நம்பவில்லை. நம்பாமலே தட்டைப் போட்டு, வஞ்சிர மீன் குழம்பை ஊற்றினாள். அவர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார், மூன்று வாரத்தில் முதல்முறையாக. கை கழுவிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவர், யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் அப்படியே தூங்கிப்போனார். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை கசங்குகிறதே என்று எழுப்பப் போன ஹில்டா, அவர் விட்ட குறட்டையைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். கசங்கட்டும் என்று ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.